ஐந்து மில்லி ரத்தம்

அன்புள்ள தம்பி,

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளக்கும் ஆய்வில் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. உன்னிடம் கையை நீட்டுபவர்களில் பலருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. சிறுநீரகத்தில் எரித்ரோபொய்ட்டின் சுரப்பு குறைந்துவிட்டதால், எடுத்த ரத்தம் லேசில் ஊறாது. அவர்கள் தரும் ஐந்து மில்லி வீணாகக் கூடாது.

வீணாவது பெரும்பாலும் நம் கையில்தான். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, ட்யூபைக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும். கொழுப்புச் சிதைவில் உருவாகும் மாலோன்டைஆல்டிஹைடைப் பார்க்கும் டீபார்ஸ் சோதனையில் தோன்றும் நிறமும் இளஞ்சிவப்புதான். 532 நானோமீட்டரில் அளக்கிறோம். ஹீமோகுளோபினும் அங்கே ஒளியை உறிஞ்சும். அதன் இரும்பு கொழுப்பின் சிதைவையும் தூண்டும். அப்படி வந்த சாம்பிளைத் தயங்காமல் ஒதுக்கு. நல்ல சாம்பிளை உடனே ஐஸில் வை, பிளாஸ்மாவைப் பிரி, மைனஸ் 80 டிகிரியில் சேமி. ஐசோப்ராஸ்டேன் என்ற குறியீட்டைப் பார்ப்பதானால் மைனஸ் 20 போதாது. அந்தக் குளிரிலும் பிளாஸ்மாவில் அது புதிதாக உருவாகும்.

எண்ணைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். இந்த நோயில் மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் சிலசமயம் உயர்ந்தே காட்டும். வெளியேற வழியின்றித் தேங்கிய யூரிக் அமிலமும் அந்தக் கணக்கில் சேர்வதுதான் காரணம். யூரிக் அமிலத்தைத் தனியாக அளக்காமல் அந்த எண்ணை நல்ல செய்தியாக எழுதிவிடாதே. 8-ஓஎச்டிஜி போலச் சிறுநீரில் வெளியேறும் குறியீடு உயர்ந்திருந்தால், கூடுதலாக உருவானதா, தேங்கியதா என்று கேள். ரத்தம் எடுத்தது டயாலிசிஸுக்கு முன்பா பின்பா, இரும்பு ஊசி எப்போது போட்டார்கள் என்பதையும் குறித்துவை.

எண் தேறினால் நோயாளி தேறிவிட்டார் என்றாகாது. உடலின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மரபணுக்களைத் தூண்டும் பார்டாக்சலோன் மருந்தை, நீரிழிவும் நான்காம் நிலைச் சிறுநீரக நோயும் கொண்ட 2,185 பேரிடம் நடந்த பீக்கன் ஆய்வில் சோதித்தார்கள். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் எண் ஏறியது. ஆனால் இதயச் செயலிழப்பு அதிகரித்ததால் 2012-இல் ஆய்வையே நிறுத்த நேர்ந்தது.

"இதுக்கு வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா சார்?" என்று நோயாளிகள் கேட்பார்கள். வைட்டமின் சி-யை அளவுக்கு மீறி எடுத்தால் அவர்கள் உடலில் ஆக்சலேட் தேங்கும். "டாக்டரைக் கேட்காமல் எதுவும் வாங்காதீங்க; இந்தச் சோதனை உங்களுக்கு இப்போது மருந்து தராது, நோயைப் புரிந்துகொள்ள உதவும்" என்று உள்ளதைச் சொல். அதைக் கேட்ட பிறகும் சம்மதிப்பவரிடம் மட்டும் ரத்தம் எடு.

அன்புடன்,
அக்கா