இரண்டு ரவுட்டர், ஒரு முகவரி, ஒரு தலைப்பாகை

கேள்வி: இரண்டு ரவுட்டர்கள் ஒரே முகவரியில் நின்று, ஒன்று செத்தால் மற்றது பொறுப்பெடுக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யார்? லைன் போனால், பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த பிள்ளைகள் என்னைத்தான் முறைக்கிறார்கள்.
– கொமியுனிகேஷன் கடைக்காரர், பண்டாரவளை

பதில்: ஒரு பேரைச் சொல்லிவிட்டால் இருவருக்கும் வேலை மிச்சம். ஆனால் தனி ஆளுக்குத் திடீர் ஞானம் பிறந்த கதைகளை நான் நம்புவதில்லை. இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு இது பழகிப்போன புலம்பல். சிஸ்கோ கம்பனி எச்எஸ்ஆர்பி என்ற முறைக்கு 1995இல் காப்புரிமை வாங்கியது. 1998 மார்ச்சில் அதன் விளக்கம் வெளிவந்தது. அடுத்த மாதமே, எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாக விஆர்ஆர்பி வந்தது. தேதிகள் முடிந்தன. இனிச் சுவையான இடம்.

மேக் முகவரி தொழிற்சாலையில் வலையமைப்பு அட்டைக்குள் பொறிக்கப்பட்டது, சாகும்வரை மாறாது என்று கம்பியூட்டர் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். சுத்தப் பொய். 1980களிலேயே டெக்நெட் வலையமைப்பு, அட்டையின் எண்ணை ஒதுக்கிவிட்டு ஏஏ-00-04-00 என்று தொடங்கும் தன் எண்ணைப் போட்டுக்கொண்டது. விஆர்ஆர்பியும் அதே துணிச்சலில் 00-00-5ஈ-00-01 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்கிறது. கடைசி இரண்டு இலக்கம் குழுவின் எண். இந்த முகவரி எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை. அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் ரவுட்டர் அதன் பேரில் பதில் சொல்லும்.

ஐபி முகவரியை மட்டும் பகிர்ந்தால் போதாதா? போதாது. கடையிலுள்ள கம்பியூட்டர்கள் ரவுட்டரின் மேக் முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். பெட்டி மாறினாலும் கொஞ்ச நேரம் செத்த பெட்டிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். மேக்கும் பொதுவானால் அவற்றுக்குச் சாவுச் செய்தியே போகாது. புதிய பெட்டி ஒரு ஏஆர்பி அறிவிப்பு விடும். முகவரி எந்த வாசலுக்கு மாறியது என்று ஸ்விட்ச் மட்டும் திருத்திக்கொள்ளும்.

பொறுப்பிலுள்ள ரவுட்டர் விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தமில்லையென்றால், இன்னும் ஒரு விநாடிக்குள் இரண்டாவது ரவுட்டர் எழுந்துவிடும். நம் மலைநாட்டு ரயில் இதைவிடப் புத்திசாலி. ஒற்றைத் தண்டவாளத்தில் டேப்லட் என்ற அனுமதி வில்லை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. ஒன்று வெளியே இருக்கும்வரை இரு நிலையத்துக் கருவிகளும் இரண்டாவதைத் தராது. எட்வர்ட் டயர் 1878இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. விஆர்ஆர்பியிடம் அப்படிப் பூட்டில்லை. மௌனத்தை மரணம் என்று நம்புகிறது. இடையிலுள்ள வயர் கழன்றால் இரண்டு ரவுட்டரும் 'நான்தான் தலைவன்' என்று நிற்கும். (ஆம், தனி ஆளை நம்பாதவன் டயரின் பேரைச் சொல்லிவிட்டேன். ரயில் என்றால் சலுகை உண்டு.)

கேள்வி: இதைக் காசில்லாமல் செய்ய முடியுமா?
– மாணவி, ஹாலி எல

பதில்: முடியும், அதற்காக ஒரு பாட்டே இருக்கிறது. சிஸ்கோ தன் காப்புரிமை விஆர்ஆர்பியையும் தொடுகிறது என்றதும், ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் கோபித்துக்கொண்டு கார்ப் என்று சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். 2004இல் 3.5ஆம் பதிப்போடு வெளியிட்டபோது, மொன்ரி பைதன் நகைச்சுவைக் குழுவின் மீன் லைசன்ஸ் காட்சியைக் கேலியாகத் தழுவி ஒரு பாட்டும் சேர்த்தார்கள். நெறிமுறை எண் கேட்டுக் கிடைக்காததால் விஆர்ஆர்பியின் 112ஐயே எடுத்துக்கொண்டார்கள். மேக் முகவரியின் தொடக்கமும் அதுவே. ஒரே வலையமைப்பில் இரண்டையும் ஒரே குழு எண்ணில் ஓட்டினால் அடிதடிதான். லினக்ஸ் பெட்டியென்றால் கீப்அலைவ்டி இருக்கிறது, அதுவும் இலவசம்.

கடைக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரவுட்டர் உயிரோடிருந்து வெளியே ஃபைபர் மட்டும் அறுந்தால், அது 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். ஆகவே வெளி லைனையும் கவனித்து, அது போனால் தன் முன்னுரிமையைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். இரண்டு லைனும் வெவ்வேறு கம்பனியென்றால், மாறும் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுபடும். இரண்டு ரவுட்டரையும் ஒரே மல்டிபிளக்கில் செருகியவருக்கு எந்த நெறிமுறையும் உதவாது.

கேள்வி: கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியர் விமலசுரேந்திர தெமோதரை ரயில் வளையத்தை வரைந்தாராமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெமோதரை

பதில்: ஐயா, வலையமைப்புப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லையா? பரவாயில்லை, இது எனக்குப் பிடித்த சண்டை. பாதை சுற்றி வந்து தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் போவது உண்மை. பதுளைக்கு 1924இல் ரயில் வந்ததும் உண்மை. ஆனால் மலையில் தண்டவாளத்தைச் சுருட்டி ஏற்றும் வித்தையை 1880களிலேயே டார்ஜிலிங்கிலும் சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட்டிலும் செய்துவிட்டார்கள். ரயில் பாதை போடப் படித்த எஞ்சினியருக்குத் தலைப்பாகை எதற்கு? கதை உண்மையென்றால் வடிவமைப்புச் சம்பளத்தில் பாதி கங்காணிக்குச் சேர வேண்டும். அவரும் அதை வாங்கிக்கொண்டு, தலைப்பாகைத் துணியின் விலையை ஆட்களின் பேரில் பற்று எழுதியிருப்பார்.