பொறுப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல்

டிரஸ்ட், மஹல்லா சங்கம், முன்னாள் மாணவர் மன்றம், இரத்ததானக் குழு என்று நம் ஊர்களில் தன்னார்வப் பணிகளுக்குக் குறைவில்லை. இவற்றின் நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். 'தொடர்புக்கு' என்ற இடத்தில் பெரும்பாலும் செயலாளரின் சொந்த மின்னஞ்சலும் அவருடைய செல் எண்ணும்தான் இருக்கும். அவர் ஊரில் இருக்கும்வரை சிரமம் தெரியாது. விசா வந்து ரியாத்துக்கோ துபாய்க்கோ புறப்பட்டுவிட்டால்? பழைய நோட்டீஸைப் பார்த்து ஒரு மாணவி அனுப்பும் கல்வி உதவி விண்ணப்பம், அவருடைய சொந்த இன்பாக்ஸில் விளம்பரங்களுக்கும் வங்கி அறிவிப்புகளுக்கும் நடுவே போய் விழும். அவர் கண்ணில் படுவதற்குள் கல்லூரிக் கட்டணம் கட்டும் தேதி முடிந்திருக்கும். டிரஸ்ட் பதில்கூடப் போடவில்லை என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொள்ளும். விண்ணப்பம் வந்ததே டிரஸ்டுக்குத் தெரியாது.

காகிதக் காலத்தில் நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். செயலாளரின் ரப்பர் ஸ்டாம்பில் 'செயலாளர்' என்றுதான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. மினிட் புத்தகம், ரசீதுப் புத்தகம், பீரோ சாவி எல்லாம் பொறுப்பு மாறும்போது கை மாறும். மின்னஞ்சல் மட்டும் ஏனோ அந்த வரிசையில் சேரவில்லை. இணையத்திலும் இது புதிய யோசனை அல்ல. தகவல், விற்பனை, உதவி போன்ற பொறுப்புகளுக்குப் பொதுவான முகவரிப் பெயர்களை 1997-லேயே ஆர்.எஃப்.சி. 2142 என்ற ஆவணத்தில் வகுத்துவிட்டார்கள். அந்த இருக்கையில் இன்று யார் இருக்கிறார் என்று தெரியாமலேயே வெளியார் கடிதம் போட முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

நம்முடையதைப் போன்ற சிறிய அமைப்புக்கு கல்வி, மருத்துவம், கணக்கு என்று மூன்று முகவரிகள் தாராளம். ஆர்வத்தில் பத்து முகவரி தொடங்கினால் ஏழை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

முகவரி தொடங்கியதும் பலரும் செய்வது, அதன் பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. இது வேண்டாம். ஐந்து பேரிடம் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் ஒரு கடிதத்தை அழித்தது யார், தவறாகப் பதில் அனுப்பியது யார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் விலகும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றி மற்ற நால்வருக்கும் சொல்ல வேண்டும். நடைமுறையில் அது நடப்பதில்லை. புதிய கருவியில் நுழையும்போது கேட்கும் ஓடிபி ஒரே ஒரு செல்லுக்குத்தான் போகும். அந்த செல் வெளிநாட்டில் இருந்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றது.

ஜிமெயிலில் பாஸ்வேர்டைக் கொடுக்காமலேயே பிறருக்கு அனுமதி தரும் வசதி இருக்கிறது. சாதாரணக் கணக்கு ஒன்றுக்குப் பத்துப் பேர்வரை இப்படிச் சேர்க்கலாம். அவரவர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து பொது இன்பாக்ஸைத் திறந்து படிக்கலாம், பதில் போடலாம். பாஸ்வேர்டை மாற்ற அவர்களால் முடியாது. விலகுபவரின் பெயரை நீக்கினால் போதும். இந்த அமைப்பைக் கணினியில்தான் செய்ய முடியும். செல்லில் தேடி அலைய வேண்டாம்.

கூகுள் குரூப்ஸ் இன்னொரு வழி. வந்த கடிதத்தை ஒருவர் பெயருக்கு ஒதுக்கவும், முடிந்ததும் முடிந்ததாகக் குறிக்கவும் அதில் இடமுண்டு. அங்கே இரண்டு அனுமதிகளைக் கவனித்து வையுங்கள். குழுவுக்கு வெளியே இருப்பவரும் கடிதம் அனுப்பலாம் என்று வைக்காவிட்டால் விண்ணப்பங்கள் வந்து சேராது. படிப்பது உறுப்பினர்கள் மட்டுமே என்று வைக்காவிட்டால் பிறர் வீட்டுக் கஷ்டம் ஊருக்குத் திறந்து கிடக்கும்.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நமக்குக் கவலை அதிகம். மருத்துவ உதவி கேட்டு வரும் கடிதத்தில் என்னென்ன இருக்கும்? நோயின் பெயர், ஆஸ்பத்திரி பில், ஆதார் நகல், ரேஷன் கார்டு, சில நேரம் தலாக் விவரம்கூட. இத்தா இருக்கும் ஒரு பெண் எழுதிய கடிதத்தை அடுத்த வீட்டுப் பையன் தன்னார்வலர் என்ற முறையில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் படித்தது தெரிந்தால் அவர் மறுபடி நம் வாசலுக்கு வரமாட்டார். ஆகவே மருத்துவ முகவரியை இரண்டு அல்லது மூன்று பேர் பார்த்தால் போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. தம் உறவினரோ தெருக்காரரோ விண்ணப்பித்திருந்தால் அந்தக் கடிதத்தை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். ஆவணங்களைத் தம் செல்லில் இறக்கி வைப்பதும், 'இவருக்கு என்ன செய்யலாம்' என்று வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுவதும் கூடாது. அந்தப் படம் குழுவில் உள்ள பலரின் கேலரியில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்த நகலை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். விண்ணப்பிக்கும் குடும்பங்கள் அதையே அனுப்பலாம், நாமும் அதையே கேட்கலாம். கொடுத்த பணம் எப்படி அமானத்தோ, அப்படியே இந்தத் தாள்களும்.

பொது இன்பாக்ஸுக்கே உரிய ஒரு நோயும் உண்டு. ஒருவர் திறந்து பார்த்ததும் கடிதம் எல்லோருக்கும் படித்ததாகவே காட்டும். திறந்தவர், சாயங்காலம் பதில் போடலாம் என்று மூடிவைப்பார். மற்றவர்கள், அவர் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடுவார்கள். இதற்கு வாரமுறை வைப்பதுதான் மருந்து: இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர். முடிவு சொல்ல நாளாகும் என்றாலும், 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, கமிட்டி கூடியதும் சொல்கிறோம்' என்று இரண்டு நாளுக்குள் ஒரு வரி போக வேண்டும். பதிலின் கீழே எழுதியவர் தம் பெயரையும் போடட்டும். ஆள் முகம் இல்லாத கடிதம் யாருக்கும் பிடிப்பதில்லை. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று கணக்கு முகவரிக்குக் கடிதம் வந்தால் மட்டும் அதே கடிதத்துக்குப் பதில் போட்டுக் கேட்காதீர்கள். முன்பே நம்மிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டு விசாரியுங்கள்.

கணக்கின் சாவி யாரிடம் என்பதையும் மினிட்டில் எழுத வேண்டும். மீட்பு எண்ணாகத் தனி ஆளின் சிம்மைக் கொடுத்தால், அவர் வெளிநாடு போய் அது 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் எண் முடக்கப்படலாம், பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். டிரஸ்ட் பெயரில் ஒரு சிம் வைத்து மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டால் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தரும், ஒவ்வொன்றும் ஒரே தடவைக்கு. அதை அச்செடுத்து உறையிலிட்டு ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைக்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கிவிடும். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. டிரஸ்டின் வருமான வரித் தளத்திலும் வங்கியிலும் பழைய நிர்வாகியின் மின்னஞ்சலே பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. அங்கிருந்து வரும் நோட்டீஸுக்குக் கெடு உண்டு.

புதிய முகவரி வந்ததும் பழையதை உடனே மூடிவிடாதீர்கள். ஓராண்டாவது அங்கு வருபவற்றைப் புதியதற்குத் திருப்பிவிடச் சொல்லி முன்னாள் செயலாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் பலகையில் வெயிலில் வெளுத்துப்போய் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.