கைபேசிக் கலைக்களஞ்சியத்தில் வேண்டிய செய்தியைத் தேடும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காடுகளில் மானாவாரி வேளாண்மை புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியே நடைபெறுகிறது. பயிரில் கண்ட பூச்சி இன்னதென்று காலத்தில் தெரியாமற்போனால் மருந்துச் செலவும் வீண், அந்த ஆண்டின் விளைச்சலும் வீண். கைபேசி வைத்திருக்கும் விவசாயிகள் தமிழ் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தனிக் கட்டணமின்றிப் படிக்கலாம். 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. களத்தில் தூற்றினால்தான் மணி தனியே, பதர் தனியே பிரியும். அதுபோல இதிலும் தேடும் முறை அறிந்து தேட வேண்டும்.

ஒரே பயிருக்குப் பல பெயர்கள்

இக்களஞ்சியத்தில் தமிழகத்தாரும் இலங்கைத் தமிழரும் எழுதுகின்றனர். நாம் நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலா என்பதை இலங்கையில் கச்சான் என்பர். நமக்குச் சோளம் என்றால் நாட்டுச் சோளம். அங்கு சோளம் என்பது மக்காச்சோளத்தையே குறிக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், கட்டுரையிலுள்ள படத்தையும் விஞ்ஞானப் பெயரையும் பார்த்த பிறகே மேலே படிக்க வேண்டும். ஒரு பெயரில் பக்கம் கிடைக்காவிட்டால் அடுத்த பெயரை இட்டுப் பார்க்கவும்.

எழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 'கருப்பு' என்றும் 'கறுப்பு' என்றும் எழுதுவோர் உண்டு. 'மக்காச்சோளம்' என்று சேர்த்தும் 'மக்காச் சோளம்' என்று பிரித்தும் எழுதுவர். ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும்.

தேடுவதற்கு உதவும் குறிகள்

1. உடுக்குறி (*): தமிழில் சொல்லின் கடைசி மாறிக்கொண்டே இருக்கும். பருத்தி, பருத்தியில், பருத்திக்கு என வரும் எல்லாவற்றையும் பிடிக்க 'பருத்தி*' என்று இட வேண்டும். மக்காச்சோளம், மக்காச்சோளத்தில் ஆகியவற்றுக்குப் பொதுவான பகுதி 'மக்காச்சோள' என்பதால் 'மக்காச்சோள*' என்று இடுவது சரி.

2. இரட்டை மேற்கோள் குறி: ஊடு பயிர் என்று வெறுமனே இட்டால் இரு சொற்களும் தனித்தனியே வரும் பக்கங்களும் சேர்ந்துவிடும். "ஊடு பயிர்" என்று மேற்கோளுக்குள் இட்டால், அவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வரும் பக்கங்கள் மட்டுமே வரும்.

3. கழித்தல் குறி (-): வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளியின்றி இதை இட்டால், அச்சொல் உள்ள பக்கங்கள் நீங்கிவிடும். இதனால் நல்ல பக்கமும் சில வேளை நீங்கக்கூடும் என்பதால் கடைசியாகவே இதைக் கையாளவும்.

ஓர் எடுத்துக்காட்டு

இருபது நாள் மக்காச்சோளத்தின் இலைகளில் வரிசையாக ஓட்டைகள். குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம். 'புழு' என்று மட்டும் தேடினால் பட்டுப்புழு முதல் மண்புழு வரை வந்து குவியும். பயிர், தாக்கப்பட்ட பகுதி, பூச்சி மூன்றையும் சேர்த்து 'மக்காச்சோள* குருத்து* புழு*' என்று தேட வேண்டும். பக்கங்கள் வராவிட்டால் ஒரு சொல்லைக் குறைத்துப் பார்க்கவும்.

படைப்புழு என்ற பெயர் கிடைத்தாலும் அதோடு நிற்கக்கூடாது. நெல்லைத் தாக்கும் படைப்புழுவும் உண்டு. அது வேறு இனம். 'படைப்புழு -நெல்' என்று இட்டு அதனை விலக்கிப் பார்க்கலாம். மக்காச்சோளத்துக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பது அமெரிக்கப் படைப்புழு. 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் கர்நாடகத்திலும் முதலில் காணப்பட்டு, அதே ஆண்டு தமிழகத்துக்கும் வந்தது. வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெண்கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். கையிலுள்ள புழுவில் இவ்விரண்டும் உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும்.

தமிழ்ப் பக்கம் சிறிதாக இருந்தால், பக்கத்திலுள்ள மொழிப் பட்டியல் வழியே ஆங்கிலப் பக்கத்துக்குச் செல்லலாம். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் படங்கள் உதவும். ஸ்போடாப்டெரா புருஜிபெர்டா என்னும் இதன் விஞ்ஞானப் பெயர் எல்லா மொழிக்கும் பொது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு அதை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடச் செய்யலாம்.

எந்த அளவு நம்பலாம்?

விக்கிப்பீடியாவை யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆகவே இரண்டு இடங்களைப் பார்ப்பது அவசியம். அடியிலுள்ள 'மேற்கோள்கள்' பகுதி, செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். 'வரலாறு' பகுதி, எந்த நாளில் என்ன மாற்றப்பட்டது என்பதைக் காட்டும். மேற்கோள் இல்லாத செய்தியைக் கேள்விப்பட்ட செய்தியாகவே கொள்ள வேண்டும்.

பூச்சியின் அடையாளம், வாழ்க்கைச் சுழற்சி, தாக்கும் பயிர்கள் ஆகியவற்றை அறிய இக்களஞ்சியம் ஏற்றது. மருந்தின் பெயரையும் அளவையும் இதைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மருந்துக்கான அனுமதி மாறக்கூடியது. வேறு நாட்டு அளவு நம் நிலத்துக்குப் பொருந்தாது. அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தையும் உழவன் செயலியையும் பார்க்கவும். கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

ஐயம் தீராவிடில், தாக்கப்பட்ட செடியையும் புழுவையும் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ அணுகவும். கைபேசியில் தேடி அறிந்த பெயரோடு சென்றால், கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டு, காலத்தில் பயிரைக் காத்துப் பயன் பெறலாம்.