தன்விவரக் குறிப்பும் வாய்மை விரதமும்

(வேலை தேடும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஒரு பாடம்)

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இரண்டாவதாகிய சத்தியம், நாவினால் பேசும் பேச்சுக்கு மட்டுமே உரியது என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆசாரியர் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணிக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது பொய்யான எழுத்தினை ஆக்குதல். ஆசாரியர் சமந்தபத்திரரும் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இக்குற்றத்தினை ஓதியுள்ளார். முற்காலத்தில் இது பொய்யோலையையும் பொய்க் கடன்பத்திரத்தையும் குறித்திருக்கும். இக்காலத்து இளைஞர் கைப்பட முதன்முதலில் ஆக்கும் பத்திரம் யாது? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் தன்விவரக் குறிப்பே ஆகும். மக்கள் இதனைப் 'பயோடேட்டா' என்பர். பிள்ளைகள் 'ரெஸ்யூம்' என்பர்.

இக்குறிப்பினைச் செம்மையாக எழுதுவது எப்படி, செம்மைப்படுத்தும் முயற்சியில் பொய் புகாமல் காப்பது எப்படி என்னும் இரண்டினையும் இப்பாடத்தில் காண்போம்.

இன்று இதன் தேவை

வாலாஜாபேட்டையைச் சூழ்ந்த பகுதி 2019 நவம்பர் 28 முதல் இராணிப்பேட்டை மாவட்டமாக விளங்குகிறது. சிப்காட் தொழிற்பேட்டை, பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை ஆகியவை நெடுங்காலமாக இங்குள்ளன. பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் ஊர்தித் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், தோல் சாராத காலணி செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்றிற்கும் அங்கே அடிக்கல் இடப்பெற்றது. உழவையே நம்பியிருந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டமும் பட்டயமும் பெற்று இத்தகைய வாயில்களில் நிற்கின்றனர். ஆயினும், படிப்பில் சிறந்த பிள்ளைகள் பலர் நேர்முகத் தேர்வுக்கே அழைக்கப்பெறாமல் வருந்துகின்றனர். இதற்கு ஒரு காரணம், அவர்கள் அனுப்பும் தாளில் அவர்களைப் பற்றிய செய்தி இல்லாமையே.

படிப்பவர் எதைத் தேடுகிறார்?

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதக் கற்பிக்கும்போது, 'இவ்வகுப்பில் அமர்ந்திருப்பவர் யார்?' என்பதே முதல் வினாவாக அமையும். தன்விவரக் குறிப்பிற்கும் அவ்வினாவே முதலாவது. அதனைப் படிக்கும் அலுவலர் முன் குவியலாகத் தாள்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் அவர் செலவிடும் நேரம் மிகச் சிறிது. அவர் தேடுவன மூன்றே: இவருக்கு இவ்வேலை செய்ய வருமா? வரும் என்பதற்குச் சான்று யாது? இவரை எவ்வாறு தொடர்பு கொள்வது? இம்மூன்றிற்கும் விடை கூறாத வரி எதுவாயினும் அது சுமையே.

திருவள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்களை ஆளைத் தேர்ந்தெடுப்பவர் நிலையினின்று வகுத்தருளினார். வேலை தேடுவோரும் அவற்றைப் படித்தல் நன்று. தம்மை எடைபோடுபவர் எவற்றை நோக்குவார் என்பதனை அவற்றால் அறியலாம்.

நயமும் நயாபாசமும்

'உள்ளதை அழகாக எடுத்துரைப்பதும் ஒருவகைப் பொய்தானே?' என்று நேர்மையான பிள்ளைகள் சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடை நம் அநேகாந்தக் கொள்கையிலேயே உள்ளது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. அவற்றுள் ஒன்றினை முன்னிறுத்தி, ஏனையவற்றை மறுக்காது உரைப்பது நயம். தான் கூறுவதே முழுமை என்று நிறுத்திப் பிறவற்றை மறுப்பது நயாபாசம். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் தம் கணக்கறிவை முதலில் எழுதி, ஓட்டப்பந்தயப் பரிசைக் கடைசியில் எழுதுவதோ விடுவதோ நயமே. தோற்ற பாடத்தில் தேறியதாக எழுதுவது கூடலேகம்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. இத்தாலிய ஓவியர் லியொனார்தோ தா வின்சி 1482ஆம் ஆண்டையொட்டி மிலான் நகர ஆட்சியாளர் லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை வேண்டி எழுதிய கடிதத்தினை முதல் தன்விவரக் குறிப்பு என்று பலரும் போற்றுவர். போர் அச்சம் சூழ்ந்த அந்நாட்டுக்கு வேண்டியவை பாலங்களும் கோட்டை தகர்க்கும் கருவிகளுமே என்று உணர்ந்து, அவற்றையே வரிசைப்படுத்தி எழுதினார். தமது ஓவியக் கலையை இறுதியில்தான் குறித்தார். கேட்பவர் தேவையை முன்வைக்கும் முறைக்கு இது நல்ல பாடம். அதே மனிதர், கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய வாசாரி கூறுகிறார். அத்தகைய இரக்கமுடையவரும் வேலைக்காகக் கொலைக்கருவிகளை முன்வைத்தார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. எதனை முன்வைப்பது என்பதோடு எவ்வேலைக்கு முன்வைப்பது என்பதும் அறத்தின்பாற் பட்டதே.

எழுதும் முறை

1. முதல் வேலை தேடுவோர்க்கு ஒரு பக்கமே போதும்.

2. மேலே பெயர், ஊர், எப்போதும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை வேண்டும். விளையாட்டுப் பெயரில் அமைந்த மின்னஞ்சலைத் தவிர்க்க. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதவே கூடாது. சாதி, மதம், தந்தையின் வருமானம் போன்றவை, அவற்றைக் கேட்கும் விண்ணப்பப் படிவங்களில் மட்டும் இடம்பெறட்டும்.

3. அடுத்து, எவ்வேலையை நாடுகிறீர்கள் என்பதனை ஒரே வரியில் குறிக்க.

4. கல்வியை அண்மையதிலிருந்து பின்னோக்கி எழுதுக. முடிவு வராத தேர்வாயின் 'முடிவு எதிர்நோக்கப்படுகிறது' என்றும், அரியர் இருப்பின் எத்தனை தாள் என்றும் எழுதுக.

5. திறமைகளைப் பெயரளவில் அடுக்காது, செய்த செயலாக எழுதுக. 'டாலி தெரியும்' என்பதினும் 'டாலியில் கொள்முதல், விற்பனைப் பதிவுகள் செய்யத் தெரியும்' என்பது மேல். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுத் தட்டச்சுச் சான்று இருப்பின், இளநிலையா முதுநிலையா, தமிழா ஆங்கிலமா என்பதனைத் தெளிவாகக் குறிக்க.

6. சம்பளம் பெறாத உழைப்பும் அனுபவமே. தந்தையாரின் நெல் விற்பனைக்குக் கணக்கெழுதியது, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தது, ஜினாலய விழாவில் அன்னதானப் பொறுப்பேற்றது ஆகியவற்றை எழுதலாம். எவ்வளவு காலம், என்ன பொறுப்பு என்பவையும் உடன் வரவேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பெறும் பயிற்சியும் குறிப்பில் ஏறத்தக்க நல்ல அனுபவமாகும்.

7. மொழிகளைப் பேச, படிக்க, எழுத என்று பிரித்துக் காட்டுக. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் உருது பேசுவோர் மிகுதி. பழகிய அளவில் அம்மொழி தெரியுமாயின், அதுவும் ஒரு தகுதியே.

8. ஒரே தாளை எல்லா நிறுவனங்கட்கும் அனுப்பாது, ஒவ்வொரு விளம்பரத்தையும் இருமுறை படித்து வரிசையை மாற்றுக.

9. எழுதி முடித்தபின் வீட்டிலுள்ள ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிப்பவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

ஒரு மாதிரி

வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒரு மாணவி, ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவருடைய முதற்படி இவ்வாறு உள்ளது:

'சவால் மிக்க நிறுவனத்தில் பணியாற்றி, என் திறமையை வளர்த்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபடுவதே என் இலட்சியம். கடின உழைப்பாளி. தலைமைப் பண்பு உடையவள். கணினி அறிவு உண்டு. பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்டல்.'

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை, செய்தியே இல்லை. இவ்வரிகளை எவரும் எழுதலாம். திருத்திய படி வருமாறு:

'வேதியியல் பட்டதாரி. ஆய்வுக்கூட உதவியாளர் பணியை நாடுகிறேன். கல்லூரிச் செய்முறை வகுப்புகளில் தரம்பார்த்தல், நீரின் கடினத்தன்மை காணல், பி.எச். அளவு காணல் ஆகியவற்றைத் தனியே செய்துள்ளேன். எக்செல் அட்டவணையில் கூட்டலும் சராசரியும் காணத் தெரியும். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலை தேறியுள்ளேன். எங்கள் ஊர் ஜினாலய ஆண்டு விழாவில் இரண்டு ஆண்டுகள் நன்கொடை வரவெழுதிக் கணக்கை ஒப்படைத்தேன்.'

மாணவி மாறவில்லை, அவர் செய்யாத எதுவும் சேரவில்லை. ஆயினும் இரண்டாம் படியைப் படிக்கும் அலுவலர், இவரை அழைத்து எதைக் கேட்கலாம் என்பதனை உடனே அறிவார். பொய் கலவாமலே குறிப்பு சிறக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மூன்று சோதனைகள்

முதலாவது, மதிப்பெண்ணைக் கூட்டி எழுதுதல். மூலச் சான்றிதழ் கேட்கும் நாளில் இது வெளிப்படும்.

இரண்டாவது, உறவினர் கடையில் வேலை செய்யாமலே அனுபவச் சான்று வாங்குதல். 'மாமாவின் கடைதானே, எழுதித் தருவார்' என்று பெற்றோரே வழிகாட்டுவதும் உண்டு. பெரும்பொய்யைத் தான் சொல்லாமை மட்டுமன்றி, பிறரைச் சொல்விக்காமையும் இவ்விரதத்தின் இலக்கணம் என்று இரத்தினகரண்டம் விதிக்கிறது. இங்கே விரதத்தில் வழுவுவோர் இருவர். சான்று கேட்டவர் ஒருவர், அன்பினால் எழுதித் தந்தவர் மற்றொருவர்.

மூன்றாவது, மற்றொருவர் செய்த திட்டக்கட்டுரையையோ குறிப்பையோ பெயர் மாற்றித் தமதாக்குதல். போலியை உண்மைப்பொருளாகச் செலுத்தும் பிரதிரூபக வியவகாரம், கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறப்பெறுகிறது. இச்செயலும் அதனோடு ஒப்பதே.

உலகியல் வழியிலும் இவை ஆபத்தே. பணியில் சேர்வோர் தரும் விவரம் உண்மையாக இருத்தல் வேண்டும், எதுவும் மறைக்கப்படலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு அவ்தார் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. தனியார் நிறுவனங்களும் சான்றிதழ்களைச் சரிபார்க்கின்றன. சேர்ந்தபின் வெளிப்படும் பொய், வேலையோடு பெயரையும் கொண்டு போய்விடும்.

தோல் தொழில் வட்டாரத்தில் நம் பிள்ளைகள்

இனி, நம் குடும்பங்களில் மட்டும் எழும் கடினமான வினாவிற்கு வருவோம். இவ்வட்டாரத்தில் மிகுதியாக ஆள் எடுக்கும் தொழில், தோல் பதனிடுதலும் தோற்பொருள் செய்தலுமே. சிராவகர் விலக்கத்தக்க தொழில்கள் பதினைந்து என்று ஆசார நூல்கள் எண்ணும். அவற்றுள் தந்தவாணிகம் என்பதற்கு 12ஆம் நூற்றாண்டினரான ஹேமசந்திராசாரியர் விளக்கம் தருங்கால், பல், நகம், எலும்பு ஆகியவற்றோடு தோலையும் சேர்த்துள்ளார். எனவே அத்தொழிலை நாடாமை நம் மரபு. ஆனால் அதில் உழைத்து உண்போரை இழிவாக நோக்குதல் நம் மரபன்று. அது மானம் என்னும் கஷாயத்தின் வேலை.

வேறு சில பணிகளில் வினா இன்னும் நுட்பமாகிறது. பாலாற்றுப் படுகையைத் தோல் ஆலைக் கழிவுநீர் கெடுத்தமை குறித்து, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பு வழங்கியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் நீரைச் சோதிப்பதற்கு வேதியியல் படித்தோர் தேவைப்படுகின்றனர். அப்பணி தோல் தொழிலைச் சார்ந்ததா? நீர்வாழ் உயிர்களையும் உழவர் கிணறுகளையும் காப்பதா? இரண்டும் உண்மையே. உயிர்க்காப்பே அதில் மேலோங்கி நிற்கிறது என்பது என் கருத்து. மாறுபட எண்ணும் குடும்பங்களும் இருக்கலாம்; அவர்கள் கருத்தையும் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுதி. இம்முடிவினைக் குறிப்பு எழுதுமுன்பே வீட்டில் அமர்ந்து எடுத்தல் வேண்டும். எல்லா இடத்திற்கும் அனுப்பிவிட்டு நேர்முகத் தேர்வில் தயங்கி நிற்றல், அழைத்தவர் நேரத்தையும் வீணாக்கும். குறிப்பில் 'இவ்வேலை செய்யேன்' என்று எழுதவேண்டுவதில்லை. 'தோல் சாராத காலணித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பணி' என நாடுவதனை எழுதினால் போதும். நேரில் வினவினால், 'எங்கள் குடும்ப நெறி இது' என்று பணிவோடு ஒரே வாக்கியத்தில் கூறுக.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

உண்மையை எழுதினால் வேலை கிடைத்தே தீரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பொய்யெழுதியவர் முந்திக்கொள்ளும் நாளும் உண்டு. அந்நாளில் பிள்ளையை நோக்கி, 'பக்கத்து வீட்டுப் பையனுக்கு இருக்கும் சாமர்த்தியம் உனக்கு இல்லையே' என்று கூறாதிருத்தலே பெற்றோர் காக்கும் சத்திய விரதம். பிள்ளை பொய்யெழுதத் துணிவது பெரும்பாலும் வீட்டாரின் ஏளனத்திற்கு அஞ்சியே.

மேலும், வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பவேண்டா. அரசு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையத்தளத்திலும் கட்டணமின்றிப் பதியலாம். 2014 சனவரியில் மைய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்துள்ளது. அதன்வழி வரும் உதவிகளைக் கேட்டறிந்து பெறுதலும் நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. நும் குறிப்பில் எவரும் எழுதக்கூடிய வரிகளுக்கு அடிக்கோடிடுக. அவ்விடங்களில் நீவிர் மட்டுமே எழுதக்கூடிய வரியினை எழுதுக.
2. சம்பளமின்றி நீவிர் செய்த மூன்று பணிகளைக் காலமும் பொறுப்பும் காட்டி எழுதுக.
3. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, 'இதனை யார் கேட்பினும் மெய்ப்பிக்க இயலுமா?' என்று வினவி விடை குறிக்க. இயலாத வரியை நீக்குக.
4. நயத்திற்கும் நயாபாசத்திற்கும் உள்ள வேறுபாட்டினை, நும் குறிப்பிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்து வீட்டிலுள்ள இளையோர்க்கு விளக்குக.

மூன்றாம் வினாவினைக் கடந்து நிற்கும் குறிப்பு எத்துணைச் சிறிதாயினும், அதனைக் கையில் ஏந்திச் செல்லும் பிள்ளை அச்சமின்றிச் செல்லும். நேர்முகத் தேர்வில் அவ்வச்சமின்மையே பெருந்தகுதி.

வாய்மை வெல்க! அறம் வளர்க!