பழைய ஏசியைக் கழற்றும் முன்பு...

மார்ச் பிறந்தால் காந்திபுரம் நூறடி ரோட்டிலும் கிராஸ்கட் ரோட்டிலும் எக்ஸ்சேஞ்ச் போர்டுகள் தொங்க ஆரம்பித்துவிடும். புது ஏசி வந்து இறங்கும் அவசரத்தில், பழசை எப்படியாவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று விட்டுவிடுகிறோம். எல்லாரும் பேரம் பேசுவது காப்பருக்குத்தான். உள்ளே இருக்கும் கேஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

1. அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். என்ன கேஸ், எவ்வளவு எடை என்று போட்டிருக்கும். பழைய ஏசிகள் பலவற்றில் ஆர்-22 இருக்கும். அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும்; அதனால்தான் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் இதைப் படிப்படியாக ஒழித்து வருகிறார்கள். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது ஏறக்குறைய 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். 750 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் புகைக்கு ஈடு! ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் சூடாக்குவதில் ஆர்-22ஐ விட மோசம். ஆர்-32 அவற்றைவிடப் பரவாயில்லை, ஆனால் தீப்பிடிக்கக்கூடியது.

2. ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்ற வரும் மெக்கானிக்கிடம், "பம்ப் டவுன் பண்ணித்தானுங்க கழட்டுவீங்க?" என்று முதலிலேயே கேளுங்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோரில் சின்ன பைப்பின் வால்வை ஆலன் கீ போட்டு முதலில் மூடுவார். கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் இழுபட்டு, கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிய பைப்பின் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்வார். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் பைப்பை வெட்டினால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும்; அந்தச் சத்தத்தோடு எல்லாம் போயிற்று. நீங்களே செய்து பார்க்க வேண்டாம். உள்ளே காற்று புகுந்தால் கம்ப்ரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு.

3. விண்டோ ஏசிக்கும், கம்ப்ரசர் ஓடாத ஏசிக்கும் பம்ப் டவுன் நடக்காது. கேஸை சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். அப்படிப் பிடித்த ஆர்-22ஐச் சுத்தப்படுத்தி, இன்னொரு பழைய ஏசிக்குப் போடலாம்.

4. பம்ப் டவுன் செய்துவிட்டோம் என்று அவுட்டோரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேஸ் இப்போது முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. அங்கே காப்பருக்காக வெட்டும்போது அது வெளியேறிவிடும். கம்ப்ரசர் ஆயிலும் மண்ணில் கொட்டும். நாலு காசு கூடக் கிடைக்கிறதே என்று பார்த்தால், செய்த வேலை அத்தனையும் வீண்.

5. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், "ஏனுங்க, இந்தப் பழசு இங்கிருந்து எங்கீங்க போகும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். பழசை எடுத்துக்கொண்டதை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

6. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் ஏசியும் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் மூலம் பழசை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அந்த விதிகள் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் ஏசி கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, பழசை எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று கேட்கலாம். மறுசுழற்சி நிறுவனத்துக்கே நேரடியாகக் கொடுப்பதென்றால், வருபவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு இருக்கிறதா, கேஸைப் பிடிக்க மெஷின் இருக்கிறதா, இரண்டையும் கேளுங்கள். அபார்ட்மென்ட்டில் நாலைந்து வீட்டு ஏசிகளைச் சேர்த்துக் கொடுத்தால் வண்டி அனுப்பச் சம்மதிப்பார்கள்.

7. நன்றாக ஓடும் ஏசியைக் கழிக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் கொடுங்கள். கேஸ் அடிக்கடி குறைகிறது என்றால் மட்டும் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். போடப் போட அது காற்றுக்குத்தான் போகும்.

8. அவுட்டோர் மூடியைக் கழற்றி வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். கரண்ட்டைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும்.

9. ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துத் தனியாக வையுங்கள். வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம். ஸ்டெபிலைசர் பழுதாகியிருந்தால் ஏசியோடு அதையும் சேர்த்தே அனுப்பிவிடலாம்.

10. சுவரில் பைப் போன ஓட்டையை அன்றைக்கே சிமெண்ட் வைத்து அடையுங்கள். ஒரு வாரம் விட்டால் எலி குடிவந்துவிடும்.