கெட்டியா, குழலா? பழைய கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு பற்றி ஒரு பாடம்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் கேன்டிலீவர் கணக்குப் போட்டு அலுத்துப்போன நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கணக்கை அப்படியே கையில பிடிச்சு ஆட்டிப் பார்க்கலாம். அதுதான் ஃப்ளை ராட். இதில் புழு கோர்ப்பதில்லை. இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சிதான் தூண்டில். அதற்கு எடையே கிடையாது. ஆகவே நாம் வீசுவது பூச்சியை அல்ல, கனமான கயிற்றை.

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அவலாஞ்சியில் பொரிப்பகமும் வைத்தார்கள். அந்த வழியில் மிஞ்சிய ஒரு கம்பு, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் மாமாவிடம் இருந்தது. இரண்டு துண்டு, 8 அடி. நுனி வளையம் காணோம். "ஒரு சாண் வெட்டிட்டு வேற வளையம் போட்டுடலாம், இல்லன்னா பீன்ஸ் கொடிக்கு ஊனிடலாம்" என்றார். "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்று வாங்கி வந்தேன்.

கொஞ்சம் சரித்திரம். ஒரு காலத்தில் நல்ல கம்பு என்றால் சீனாவின் டோங்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டியதுதான். 1940களில் ஆர்தர் ஹோவால்ட் என்ற அமெரிக்கர் கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்துக் கம்பு செய்தார். அதை 'வொண்டர்ராட்' என்று விற்றது ஷேக்ஸ்பியர் கம்பெனி (நாடகக்காரர் இல்லீங்க, மிச்சிகன் மாநிலத்து மீன்பிடிச் சாமான் கம்பெனி). 1950 டிசம்பரில் அமெரிக்கா சீன வியாபாரத்தை நிறுத்தியதும் மூங்கிலும் நின்றது. கண்ணாடியிழைக்கு அடித்தது யோகம். அந்தக் காலத்தில் மலிவாக வந்தவை உள்ளே துளையே இல்லாத கெட்டிக் கம்புகள். துணியாக நெய்த இழையை இரும்பு மாண்ட்ரலில் சுற்றிச் செய்த குழல் கம்புகள் பெருகியதும் இவை பின்தங்கின.

எப்படிக் கண்டுபிடிப்பது? நுனி வளையம் கழன்றிருந்தால் சுலபம். வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள், துளை இருக்கா இல்லையா தெரிந்துவிடும். வளையம் இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். வெர்னியரும் தராசும் போதும். என் கம்பின் நுனித் துண்டு 122 செ.மீ. விட்டம் நுனியில் 2 மி.மீ., ஃபெருல் பக்கம் 6 மி.மீ. வெட்டுக்கூம்புச் சூத்திரப்படி கன அளவு 16.6 க.செ.மீ. எடை 36 கிராம். ஃபெருல், வளையங்களுக்கு 4 கிராம் கழித்தால் அடர்த்தி சுமார் 1.9. கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்தால் வருவது அதுதான். எனவே கெட்டிக் கம்பு. குழலாகவோ உள்ளே பால்சா மரமாகவோ இருந்தால் இந்த எண் நன்றாகவே குறையும்.

இப்போது மாமாவின் ஒரு சாண் விஷயம். விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 20 செ.மீ. வெட்டினால் நுனி விட்டம் 2.66 மி.மீ. ஆகிவிடும். 1.33-இன் நான்காம் படி சுமார் 3.1. அதாவது நுனி மூன்று மடங்கு முரடாகும்! கயிறு துவளாமல் போகிற நயமெல்லாம் அந்த நுனியில்தான். காகிதத்தில் இதைப் போட்டுக் காட்டியதும் மாமா ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டார். 2 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு வளையத்தை ஒட்டி முடித்தோம்.

வீசும்போது ஏன் கெட்டிக் கம்பு மந்தமாக இருக்கிறது? வெளிவிட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை 25 சதவீதம் குறையும், விறைப்போ 6.25 சதவீதம்தான். அதிர்வு வேகம் சுமார் 12 சதவீதம் கூடும். கெட்டிக் கம்பில் நடுவில் கிடக்கும் சரக்கு வேலை செய்வதில்லை, சும்மா சுமைதான். கிராஃபைட் கம்பு பழகியவர் இதை அவசரமாக வெடுக்கென்று ஆட்டினால், நுனி பின்தங்கிக் கயிறு சிக்கிக்கொள்ளும்.

முதலில் சரியான கயிறு. HDH மாதிரி எழுத்து போட்டிருந்தால் அது 1961-க்கு முந்தைய விட்டக் குறியீடு. HDH என்றால் இன்றைய 6 நம்பர் கயிற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். 6 நம்பரில் முதல் 30 அடி சுமார் 10.4 கிராம் இருக்கும். காலேஜ் கிரவுண்டில் புல்மேல், தூண்டிலுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி ஆரம்பியுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகத்தைச் சீராகக் கூட்டி, கம்பு தலைக்குச் சற்றுப் பின்னால் வந்ததும் சட்டென நிறுத்தணும். பிறகு காத்திருக்கணும். திரும்பிப் பார்த்தால் தப்பில்லை. கயிறு பின்னால் நீண்டு விரியட்டும். அப்புறம்தான் முன்வீச்சு. 30, 40 அடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள், மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

முடிந்ததும் ஃபெருலைத் திருகாமல் நேராக இழுத்துப் பிரிக்கவும். மேலே வார்னிஷ் போய் இழை துருத்தினால் வெறுங்கையால் தடவ வேண்டாம், சிராய் ஏறும். உப்புத்தாள் போடுவதானால் நனைத்துப் போடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.