நடுத்தட்டில் வைத்த சரக்கு

சரக்கு தரமாக இருந்தால் தானே விலை போகும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆனால் சரக்கில் குறையில்லை, விலையும் அநியாயமில்லை, ஆனாலும் தட்டில் தூசி படிந்து கிடக்கும் ரகம் எந்தக் கடையிலும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கிறது. இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2000-ம் ஆண்டில் கொண்டுவந்த மேஜைக் கம்ப்யூட்டர் வரிசையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். ரகம் பிரிப்பதும் விலை வைப்பதும் எல்லா வியாபாரத்துக்கும் பொதுதான். பெரிய கம்பெனி என்றால் விற்ற எண்ணிக்கையும் நஷ்டமும் கணக்கோடு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் ஒரு ரகத்தால் வந்த நஷ்டம் மற்ற ரகங்களின் லாபத்துக்குள் மறைந்துபோகும். அதனால்தான் பிறர் கணக்கைப் படிப்பது நமக்கு உபயோகமாகிறது.

முதலில் முன்கதை. 1990-களின் நடுவில் ஆப்பிள் கம்பெனியிடம் தேவைக்கு மேல் ரகங்கள் இருந்தன. பெர்ஃபார்மா என்ற ஒரே பெயரில், எண்ணை மட்டும் மாற்றி, டஜன் கணக்கில் மாடல்கள் வந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம் என்று விற்பவருக்கே சொல்லத் தெரியாத நிலை. 1997 நிதியாண்டில் கம்பெனிக்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அந்த ஆண்டு திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ரகங்களை வெட்டித் தள்ளினார். வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. மேஜையில் வைக்க ஒன்று, கையில் எடுத்துச் செல்ல ஒன்று. ஆக நான்கே கட்டம். வீட்டு மேஜைக்கு 1998 ஆகஸ்டில் 1,299 டாலர் விலையில் ஐமேக் வந்தது. திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த வண்ணக் கம்ப்யூட்டர் அது. நன்றாகவே ஓடியது. கம்பெனியும் லாபத்துக்குத் திரும்பியது.

இரண்டு ஆண்டு கழித்து அந்த நான்கு கட்டத்துக்கு நடுவே ஐந்தாவதாக ஒன்றைச் செருகினார்கள். 2000 ஜூலையில் வந்த பவர் மேக் ஜி4 கியூப் அது. கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் கனசதுரமான சிறிய பெட்டி. உள்ளே விசிறி கிடையாது. சூடான காற்று தானே மேலே எழுந்து வெளியேறும். ஆகவே சத்தமே இல்லை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றிருக்கிறது என்றால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த நாளின் விலைப்பட்டியலைப் பாருங்கள். பாடம் இங்கேதான் இருக்கிறது. ஐமேக் 799 டாலரில் தொடங்கி 1,499 வரை, திரையோடு சேர்த்து. தொழில்முறை ஆட்களுக்கான உயரப் பெட்டி, பவர் மேக் ஜி4, 1,599 டாலரில் தொடக்கம், திரை தனி. கியூப் 1,799 டாலர், அதற்கும் திரை தனி. கம்பெனியின் 17 அங்குலத் திரை 499 டாலர். அதையும் சேர்த்தால் கியூப் 2,298 டாலர், உயரப் பெட்டி 2,098 டாலர். கியூபின் வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், தொடக்க நிலை உயரப் பெட்டியின் வேகம் 400. ஆனால் உயரப் பெட்டியைத் திறந்து புதிய அட்டைகளைப் பின்னால் செருகிக்கொள்ளலாம். கியூபில் அதற்கு இடமே விடவில்லை.

ஆக, வாங்க வந்தவர் மனதில் என்ன கணக்கு ஓடியிருக்கும்? வீட்டுக்கு வாங்குபவர் ஐமேக்கைப் பார்த்தார். அதில் பாதிப் பணத்தில் வேலை முடிகிறது. தொழிலுக்கு வாங்குபவர் உயரப் பெட்டியைப் பார்த்தார். அதில் இருநூறு டாலர் மிச்சம், நாளைக்குப் பெருக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இரண்டு பேருமே கியூபைத் தொட்டுப் பார்த்து, மெச்சிவிட்டு, பக்கத்துத் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

2000-ம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் விற்ற கியூப் 29 ஆயிரம். அதே காலத்தில் ஐமேக் 3 லட்சத்து 8 ஆயிரம். பொதுவாகவே அப்போது கம்ப்யூட்டர் சந்தை மந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைகளில் எல்லா ரகமும் தேங்கியிருந்தது. தள்ளுபடி கொடுத்துத்தான் இருப்பைக் குறைத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் கம்பெனிக்கு 19 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டம். 2001 தொடக்கத்தில் கியூபின் விலையையும் குறைத்துப் பார்த்தார்கள். பலனில்லை. 2001 ஜூலை 3-ம் தேதி தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அப்போது கம்பெனியே சொன்ன காரணம், வாங்கியவர்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் உயரப் பெட்டியையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது. அதாவது போட்டிக் கம்பெனியிடம் தோற்கவில்லை. தன் கடையின் பக்கத்துத் தட்டிடமே தோற்றது.

இதில் ஒரு வாதம் நெடுநாளாக உண்டு. விலை அதிகம், அதனால் விற்கவில்லை என்பது ஒரு கட்சி. விலை சரிதான், இடம்தான் தவறு என்பது மற்றொரு கட்சி. நாம் இரண்டாவது கட்சி. காரணம் சொல்கிறோம். விலை மட்டும் நோய் என்றால், குறைத்ததும் குணமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கீழே இறக்க இறக்க அது ஐமேக்கின் விலைக்கு அருகில் வரும். அப்போது கூடவே திரை வாங்க வேண்டுமே என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். மேலே நின்றால் உயரப் பெட்டி, கீழே வந்தால் ஐமேக். யாருக்காகச் செய்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத சரக்கு எந்த விலையில் நின்றாலும் இடித்துக்கொள்ளும். தவிர, பாதியில் விலை குறைத்தால் முன்னே வாங்கியவர் வருத்தப்படுவார், இனி வாங்க நினைப்பவர் இன்னும் குறையட்டும் என்று காத்திருப்பார். பண்டிகை கழிந்தபின் பட்டாசு விலை குறைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே சிறிய பெட்டி என்ற எண்ணத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதுதான் இன்னும் ருசியான பகுதி. 2005 ஜனவரியில் மேக் மினி வந்தது. ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம். இம்முறை அதை நடுவில் வைக்கவில்லை. வரிசையின் அடித்தட்டில், 499 டாலரில் வைத்தார்கள். திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றும் கிடையாது. உங்களிடம் இருப்பதையே மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். செக்குக் கடைக்குச் சொந்தத் தூக்குவாளி எடுத்துப் போய் எண்ணெய் வாங்குகிறோமே, அதே முறை. வேறு கம்பெனிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், செலவைக் குறைத்து இதை ஒருமுறை முயன்று பார்க்க ஒரு வழி கிடைத்தது. யாருக்கு என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருந்தது. கியூப் ஓராண்டு நின்றது; மினி, 2024 நவம்பரில் இன்னும் சிறிதாக ஐந்து அங்குலச் சதுரத்தில் 599 டாலருக்குப் புதுப்பிக்கப்படும் அளவுக்கு நிலைத்தது.

நடுத்தட்டே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். கால் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவே அரைக் கிலோ தாராளமாக ஓடுகிறது. 2022 மார்ச்சில் அதே கம்பெனி, மினிக்கும் மிக விலையுயர்ந்த மேக் புரோவுக்கும் நடுவே 1,999 டாலரில் மேக் ஸ்டூடியோ என்று ஒன்றை இறக்கியது. அதே நாளில் 27 அங்குல ஐமேக்கை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. இதைத்தான் நம் வணிகர்கள் கவனிக்க வேண்டும். நடுவில் உண்மையிலேயே பெரிய இடைவெளி இருந்தது. அங்கே நின்றிருந்த பழைய ரகத்தை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றினார்கள்.

நம் கடைக்கு வருவோம். ஏஜெண்ட் ஒருவர் துவரம் பருப்பில் புது பாக்கெட் கொண்டுவருகிறார். சில்லறைப் பருப்புக்கும் பெயர் பெற்ற கம்பெனிப் பாக்கெட்டுக்கும் நடுவே விலை, பளபளப்பான கவர், பாக்கெட்டுக்கு 20 ரூபாய் கமிஷன் என்கிறார். உதாரணத்துக்கு, கிலோ 150 ரூபாய் கொள்முதலில் 30 பாக்கெட் எடுக்கிறோம், முதல் 4,500 ரூபாய். மூன்று மாதத்தில் விற்றுத் தீர்ந்தால் லாபம் 600, மாதத்துக்கு 200. அதே 4,500 ரூபாயைச் சில்லறைப் பருப்பில் போட்டால் கிலோவுக்கு 8 ரூபாய்தான் நிற்கும். ஆனால் 30 கிலோ பத்து நாளில் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 240, மாதம் மூன்று சுற்று, 720 ரூபாய். கமிஷன் 20 என்ற பேச்சு கண்ணை மறைக்கிறது. அந்தப் பாக்கெட் பிடித்த தட்டு இடத்தையும், மூன்றாம் மாதம் வண்டு விழுந்தால் வரும் சேதத்தையும் நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே எடுப்பதற்கு முன், நம் வாடிக்கையாளரில் இதை வாங்கப்போகும் நான்கு பேரைப் பெயர் சொல்லி நினைத்துப் பாருங்கள். இன்னார் வீட்டம்மா, இன்னார் மெஸ் என்று பெயர் வர வேண்டும். யாராவது வாங்குவார்கள் என்று மட்டும் தோன்றினால், முதல் கொள்முதலாக ஆறு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம். மாதம் முழுவதும் ஒரு சிட்டையில், விற்றதை மட்டுமல்லாமல், கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தவர்கள் அதற்குப் பதிலாக எதை வாங்கிப் போனார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள், முழு விலைக்கா என்பதை ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்த ரகம் எங்கே நிற்கும் என்பது அவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.